பல்லில்லாத வாள்

மரம் அறுக்கும் வாளுக்குப் பல் உண்டு. இரும்பு அறுக்கும் வாளுக்கும் பல் உண்டு. கல்லறுக்கும் வைரத்தட்டின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே பல்லுமில்லை, கூருமில்லை. மணற் கடுதாசியைத் தொட்டாற்போன்ற சொரசொரப்பு மட்டுமே விரலுக்குத் தட்டுப்படும். இந்த மொட்டை விளிம்பு கருங்கல்லை எங்ஙனம் அறுக்கிறது என்று வியப்பவர் பலர். அறுக்கவில்லை என்பதே விடை. அது தேய்க்கிறது. கோடு போட்ட இடத்திலுள்ள கல்லைத் தேய்த்துத் தேய்த்து மாவாக்கி வெளியே தள்ளிவிடுகிறது. எஞ்சி நிற்கும் இடைவெளியையே நாம் வெட்டு என்கிறோம். இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டாற் போதும். எந்தத் தட்டை வாங்குவது, எப்படிப் பிடிப்பது, எதற்கு அஞ்சுவது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை அதிலேயே அடங்கியிருக்கிறது.

புசல்லாவைக் கடைத்தெருவில் நின்று காது கொடுத்தால், ஏதோ ஒரு மூலையில் அந்த யந்திரத்தின் கீச்சொலி கேட்கும். புதுவீட்டுப் படிக்கட்டு, கடைத் தரை, கோயில் திருப்பணி, கல்லறைப் பலகை என்று எதற்கும் இன்று அதுவே வேண்டியிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கண்டிக்கோ கொழும்புக்கோ சென்று தரைக்கல் பதிக்கும் வேலையிற் சேருகின்றனர். சிலர் அதே தொழிலை நம்பி வளைகுடா நாடுகளுக்கும் போகின்றனர். என்னிடம் படித்தவர்களிலும் இத்தகையோர் உளர். அவர்களுள் ஒருவர் அண்மையில் வழியில் மறித்துக் கேட்டார்:

"சேர், இருக்கிறதிலேயே விலை கூடின டிஸ்க்கைத்தான் வாங்கினேன். பத்து நிமிசம் நல்லா வெட்டுச்சு. அப்புறம் கல்லு மேல சும்மா சுத்துது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

"கடைக்காரர் ஏமாற்றவில்லை, தம்பி. பொருத்தம் பார்க்காமல் நீதான் கலியாணம் முடித்து வைத்துவிட்டாய்" என்றேன்.

அந்தப் பொருத்தம் யாதென்று பார்ப்போம். தட்டின் நடுப்பாகம் வெறும் உருக்கு. விளிம்பு மட்டுமே வேலை செய்வது. இரும்பு, கோபால்ற்று, வெண்கலம் முதலிய உலோகப் பொடிகளோடு சிறு சீனிப்பருக்கை போன்ற வைரத்துகள்களைக் கலந்து, அழுத்திச் சூடாக்கி அவ்விளிம்பைச் செய்கிறார்கள். உலோகத்துக்கு மேலே தலைநீட்டி நிற்கும் துகள்களே கல்லைச் சுரண்டுகின்றன. சுரண்டச் சுரண்ட அவை மழுங்கும், உடையும், உதிரும். அப்போது சுற்றியுள்ள உலோகமும் தேய்ந்துகொடுத்தால்தான் உள்ளே புதைந்திருக்கும் புதிய துகள்கள் வெளியே வரும். உலோகம் தேயாவிட்டால் விளிம்பு கண்ணாடிபோல் வழவழத்துப் போகும். தட்டு சுற்றும், கல் அசையாது.

இதை விளக்க நம் வீட்டு அம்மியே போதும். புதிய அம்மியில் தேங்காய் நொடியில் அரைபடும். நாளடைவில் அம்மி வழுக்கத் தொடங்கும். எவ்வளவு இழுத்தாலும் தேங்காய் அரைபடாது. அப்பொழுது "அம்மி கொத்தணுமா, அம்மி!" என்று கூவிக்கொண்டு வருபவரை அழைத்து, உளியால் மேற்பரப்பைக் கொத்துவிப்பார்கள். மின்சார அரைவை யந்திரம் வந்தபின் அந்தக் குரல் அரிதாகிவிட்டது என்றாலும் மூத்த வாசகர்களுக்கு அது நினைவிருக்கும். வைரத்தட்டும் ஓர் அம்மிதான். ஆனால் அதைக் கொத்திக் கொடுக்க வெளியாள் வருவதில்லை. அறுபடும் கல்லே கொத்தரும் ஆகிறது. கல்லின் தூள் விளிம்பிலுள்ள உலோகத்தை அரித்து, உள்ளிருக்கும் வைரத்தை வெளிக்கொணருகிறது.

இங்கேதான் பலரும் தலைகீழாக விளங்கிக்கொள்ளும் இடம் வருகிறது. வன்மையான கல்லுக்கு வன்மையான தட்டு வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறு. இறுகிய, நெருக்கமான மணிகளையுடைய கல் சுணைத்தூளைக் கொடுப்பதில்லை. கொத்துவேலையில் அது சோம்பேறி. ஆகையால் எளிதில் தேயும் மென்மையான உலோகத்தோடு கூடிய தட்டே அதற்கு ஏற்றது. மணற்கல், செங்கல், அண்மையில் வார்த்த சீமெந்து முதலியன பார்வைக்கு மென்மையானவை. ஆனால் அவற்றின் தூள் அரம்போல் அரிக்கும். மென்மையான தட்டை அவற்றிலே வைத்தால் ஒரே நாளில் வைரமெல்லாம் உதிர்ந்துபோகும். அவற்றுக்கு வன்மையான உலோகம் வேண்டும். என் மாணவர் வாங்கியது சீமெந்துக்கென்று செய்த தட்டு. வெட்டப் பார்த்ததோ நம் மலைக் கருங்கல். விலை கூடியதே சிறந்தது என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. தட்டு விஷயத்தில் அது பணத்தை மட்டுமன்றி வேலையையும் கெடுக்கும்.

வழவழத்துப்போன தட்டை எறிந்துவிட வேண்டியதில்லை. சீமெந்துக் கல்லிலோ மணற்கல்லிலோ ஆழமின்றி நாலைந்து கோடு இழுத்தால் விளிம்பு மறுபடி கொத்துண்டு உயிர்பெறும். என் மாணவரும் அவ்வாறே செய்தார். ஆனால் ஓரிரு தடவை இழுத்ததும் மீண்டும் மழுங்குமாயின் அந்தத் தட்டு அந்தக் கல்லுக்குரியதன்று என்றே கொள்ளல் வேண்டும்.

கல்லை அறிவது எப்படி? இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே கிடப்பவை மிகப் பழமையான உருமாறிய பாறைகள். நம் மலைநாட்டில் நாம் கருங்கல் என்று ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் பல இனம்: சார்னொக்கைற்று, வரிவரியான நைஸ், படிகக்கல் மிகுந்த குவாட்சைற்று என்பன அவற்றுட் சில. இடையிடையே பளிங்குக்கல் பட்டைகளும் ஓடுகின்றன. கண்டிக்கருகே திகனையிலும், வடக்கே மாத்தளையிலும் சுண்ணாம்புக்கும் டொலமைற்றுக்கும் தோண்டியெடுப்பது அக்கல்லையே. ஜெர்மானியரான மோஸ் என்பவர் 1812ஆம் ஆண்டிலே வகுத்த வன்மை அளவையில் சுண்ணாம்புப் பளிங்கின் கல்சைற்று 3, கருங்கல்லிலுள்ள பெல்ஸ்பார் 6, படிகக்கல் 7. இரத்தினபுரியில் எடுக்கும் நீலக்கல் 9, வைரம் 10. ஒன்பதுக்கும் பத்துக்கும் ஒரே படிதானே என்று எண்ணவேண்டாம். மற்றப் படிகளெல்லாம் வீட்டு வாசற்படி, கடைசிப் படி மட்டும் சிவனொளிபாத மலை.

பேனாக் கத்தியின் முனையால் கல்லைக் கீறிப் பாருங்கள். பளிங்கிலே கீறல் விழும். படிகக்கல்லிலே கத்தியின் உருக்கே கோடாகப் படியும். கீறிய தூளின்மேல் இரண்டு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு விட்டால் சுண்ணாம்புக்கல் சிறு குமிழி விடும். கருங்கல் சும்மா இருக்கும். விஞ்ஞானம் படிக்கும் மாணவர் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

கடையிலே தட்டு வாங்கும்போது விலைச்சீட்டுக்கு முன்பாகத் தட்டின் முகத்தையே படித்தல் நன்று. எந்தப் பொருளுக்குரியது, நிமிடத்துக்கு எத்தனை சுற்றுவரை தாங்கும், எந்தத் திசையிற் சுற்றவேண்டும், தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்பவை அதில் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். ஐரோப்பியப் பாதுகாப்பு நியமத்தின் ஈ.என். 13236 என்ற எண்ணைத் தரமான தட்டுகளிற் காணலாம். சுற்றெண் அச்சிடாத தட்டை இனாமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். விளிம்பின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. விளிம்பு துண்டுதுண்டாகப் பிளவு விட்டிருந்தால் அது கருங்கல்லுக்கும் சீமெந்துக்கும். அந்தப் பிளவுகளின் வழியே காற்றுப் புகுந்து சூட்டைத் தணிக்கும். ஒரே வளையமாகத் தொடர்ந்திருந்தால் அது மெல்லிய தரைக்கல்லுக்கு. ஓரம் சிதறாமல் வெட்டும், ஆனால் பெரும்பாலும் தண்ணீர் கேட்கும். நெளிநெளியான விளிம்பு இரண்டுக்கும் நடுத்தரம். எல்லாக் கல்லுக்கும் ஒரே தட்டு என்று விற்பவர், எல்லா நோய்க்கும் ஒரே குளிகை விற்பவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். எப்போதோ ஒருநாள் வேலைக்கு அந்தத் தட்டு உதவும், தொழிலுக்கு உதவாது.

நடுத்துளையிலும் ஒரு சங்கடம் உண்டு. நம் ஊரில் வழங்கும் நாலங்குல யந்திரத்தின் அச்சுக்கு 16 மில்லிமீற்றர்த் துளை வேண்டும். தட்டுகள் பெரும்பாலும் 20 மில்லிமீற்றர்த் துளையுடன் வந்து, உள்ளே ஒரு சிறு வளையத்தை இட்டுத் தருகிறார்கள். அவ்வளையம் தொலைந்துவிட்டால் நூலோ கடுதாசியோ சுற்றி இறுக்குபவர்களைக் கண்டிருக்கிறேன். நடு விலகிய தட்டு குதித்துக்கொண்டே சுற்றும். அதன் கதி என்னாகும் என்பதைக் கணக்கே சொல்லட்டும்.

நாலங்குலத் தட்டின் விட்டம் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர். சுற்றளவு 314 மில்லிமீற்றர். யந்திரம் நிமிடத்துக்கு 11,000 தரம் சுற்றுகிறதென்றால், விளிம்பிலுள்ள ஒரு வைரத்துகள் செக்கனுக்கு 57 மீற்றர் ஓடுகிறது. அதாவது மணிக்கு 207 கிலோமீற்றர். நம் கம்பளை வீதியின் வளைவுகளில் மணிக்கு நாற்பது போனாலே உள்ளம் பதறும் நமக்கு, கைக்கெட்டும் தூரத்திலே இருநூறு! இத்தகைய தட்டுகள் பொதுவாக செக்கனுக்கு 80 மீற்றர்வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. ஆகவே உரிய தட்டு உரிய யந்திரத்தில் இருக்கும்வரை அபாயம் குறைவு. ஆனால் ஆழமாக வெட்டவேண்டும் என்ற ஆசையில், காப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே சிறிய யந்திரத்தில் ஏழங்குலத் தட்டைப் பொருத்துவோர் உண்டு. 180 மில்லிமீற்றர் விட்டமும் 11,000 சுற்றும் சேர்ந்தால் செக்கனுக்கு 103 மீற்றர். மணிக்கு 373 கிலோமீற்றர். அந்தத் தட்டின் முகத்திலே 8,500 சுற்றுக்கு மேல் ஆகாது என்று எழுதியிருக்கும். விளிம்பிலிருந்து ஒரு துண்டு கழன்று பறந்தால், அதைத் தடுத்திருக்க வேண்டிய மூடியோ மூலையிற் கிடக்கும். இதனினும் கொடியது, மரம் அறுக்கும் பல்வாளை இந்த யந்திரத்தில் மாட்டுவது. பல் மரத்திற் கொளுவிய கணமே யந்திரம் கையை விட்டுத் துள்ளும். அது எங்கே போய் விழும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை.

இந்தத் துள்ளல் வைரத்தட்டிலும் நேரும். வெட்டுக்குள் இருக்கும்போது யந்திரத்தைச் சற்றே திருகினாலும், வெட்டுண்ட கல் சரிந்து தட்டை நெருக்கினாலும், விளிம்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அத்தனை விசையும் பிடித்திருப்பவரை நோக்கித் திரும்பும். எனவே கல்லை அசையாமல் தாங்குகொடுத்து வைத்தல், இரு கையாலும் பிடித்தல், தட்டுக்கு நேரே முகத்தை வையாமல் ஒருபுறம் ஒதுங்கி நிற்றல், நேர்கோட்டில் மட்டும் வெட்டுதல் என்பன தவறக்கூடாதவை. வளைவு வெட்ட இந்தத் தட்டு பிறக்கவில்லை. பக்கத்தால் உராயவும் பிறக்கவில்லை. ஒரே மூச்சில் ஆழமாக இறக்காமல், முதலில் ஒரு மெல்லிய தடம் போட்டு, அதன்மேல் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று இறக்குபவரே கைதேர்ந்தவர். தேய்க்கும் கருவியை அழுத்தி என்ன பயன்? அழுத்தினால் வேகம் குறையும், சூடு ஏறும். ஏறக்குறைய 700 பாகை செல்சியசுக்கு மேல் காற்றிலே வைரமும் கெடத் தொடங்கும். துண்டுகளை உருக்கோடு இணைத்த பற்றும் தளரும். தண்ணீரின்றி வெட்டுங்கால் பத்துப் பதினைந்து செக்கனுக்கொரு தரம் தட்டை வெளியே எடுத்து வெறுமனே சுற்றவிட்டுக் காற்றாட வைத்தல் நன்று. சாரமும் சால்வையும் இந்த வேலைக்கு ஆகா. கண்ணாடியும் காதடைப்பும் இன்றியமையாதவை. புதிய தட்டை மாட்டியதும் ஒரு நிமிடம் சும்மா சுற்றவிட்டுப் பார்ப்பது பழைய தொழிலாளர் வழக்கம். ஆட்டமோ புதிய ஓசையோ இருந்தால் உடனே நிறுத்திவிடுவர்.

கல்லை வெட்டுவது நம் பகுதிக்குப் புதிய தொழிலன்று. கம்பளையைத் தலைநகராகக் கொண்டிருந்த நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டில், பிலிமத்தலாவைக்கு அருகே கடலாதெனிய விகாரை எழுந்தது. மொட்டைப் பாறையின்மேல் தென்னாட்டுக் கோயில் மரபிலே அதனைக் கல்லால் அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர். அவர் கையிலிருந்தது உளியும் சுத்தியலுமே. அந்த வழி இன்றும் அற்றுப்போகவில்லை. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளை 1949இல் அடைந்து உபதேசம் பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி, ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் இறைவன் கோயில் என்னும் சிவாலயத்தைத் தொடங்கினார். வை. கணபதி ஸ்தபதியின் திட்டப்படி, பெங்களூருக்கு அருகே கையுளியாலேயே கல்லெல்லாம் செதுக்கி, கப்பலேற்றி அனுப்பி, 2023இல் குடமுழுக்குச் செய்தார்கள். நமக்கோ அத்தனை ஆண்டுப் பொறுமையும் இல்லை, பொருளும் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1954 டிசெம்பரில் ட்ரேசி ஹால் என்பவர் கரியிலிருந்து வைரம் செய்து காட்டியபின் செயற்கை வைரம் பெருகிற்று. வைரத்தட்டு மேசனின் பைக்குள்ளேயும் வந்துவிட்டது. ஒரு நாள் உளிவேலை சில நிமிடத்தில் முடிகிறது.

வேகத்தோடு இன்னொன்றும் மாறிற்று. உளி கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். சில்லு காலடியில் விழும். உளிவேலையிலும் தூசி உண்டு, இல்லையென்பதற்கில்லை. ஆனால் வைரத்தட்டு கல் முழுவதையும் மாவாகவே அரைக்கிறது. தேய்ப்பதுதானே அதன் தொழில்! அந்த மாவில் கண்ணுக்குத் தெரிவது தீமை குறைந்தது. அது விரைவில் தரையிற் படிந்துவிடும். ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கிலும் சிறிய படிகத் துணுக்குகளே கொடியவை. அவை மணிக்கணக்காகக் காற்றில் மிதந்து, மூக்கின் தடைகளைத் தாண்டி, நுரையீரலின் ஆழத்துச் சிற்றறைகளுக்குள் போய்த் தங்கிவிடுகின்றன. உடல் அவற்றைக் கரைக்க முயன்று தோற்று, சுற்றிலும் தழும்பு கட்டிக்கொள்கிறது. தழும்பேறிய நுரையீரல் விரியாது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் பல்லாண்டுகள் ஓசையின்றி வளர்ந்து, பின்னர் இளைப்பாக வெளிப்படும். காசநோய் எளிதில் தொற்றவும் வழி திறக்கும். தழும்பை மாற்றும் மருந்து இல்லை. படிகத் தூசி புற்றுநோய்க்கும் காரணமாவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997இல் வகைப்படுத்தியது.

பள்ளிக்கூடத்தோடு தொடர்புடைய ஒரு சான்று என் மனத்தை விட்டு அகலுவதில்லை. நாம் சிலேட்டில் எழுதிய குச்சி இருக்கிறதே, மத்தியப் பிரதேசத்து மந்த்சோர் அதற்குப் பெயர்பெற்ற ஊர். கல்லை மின்வாளால் அறுத்துக் குச்சி செய்யும் தொழிற்கூடங்கள் அங்கே பெருகின. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழிற்சுகாதார நிறுவகத்தார் 1980களில் அத்தொழிலாளரைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்நோய் இருக்கக் கண்டார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கிழவரல்லர். செல்வ நாடுகளும் தப்பவில்லை. சமையலறை மேடைக்கென்று படிகத்தூளைப் பிசினோடு சேர்த்துச் செய்யும் செயற்கைக் கற்பலகையிலே, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கும் படிகமாக இருப்பதுண்டு. அதை அறுத்த இளைஞர் பலர் நோயுற்றபின், அவுஸ்திரேலியா 2024 யூலை 1ஆம் திகதி முதல் அப்பலகையைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடைசெய்தது.

கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வது மனச்சாந்திக்கே உதவும். துணியின் கண்கள் அந்தத் துணுக்குகளுக்கு அகன்ற படலைகள். தூசியை மூக்கிலே தடுப்பதிலும் பிறக்கும் இடத்திலே தடுப்பதே முறை; அதற்குத் தண்ணீரை வெல்ல ஒன்றில்லை. வெட்டுவாயில் நீர் விழுந்துகொண்டிருந்தால் மாவு சேறாகிக் கீழே ஒழுகிவிடும், தட்டும் குளிர்ந்திருக்கும். ஆனால் சாதாரணக் கை யந்திரம் நீருக்கென்று செய்யப்பட்டதன்று. போத்தல் மூடியில் துளையிட்டு அதன்மேல் சொட்டவிடும் தந்திரத்தை ஊரெங்கும் காண்கிறேன். 230 வோல்ற்று மின்சாரத்தோடு அத்தகைய விளையாட்டு வேண்டாம். நீர்த்தொட்டியோடு கூடிய மேசை வெட்டியையோ, நீர்க்குழாய் பொருத்தி வரும் யந்திரத்தையோ வாடகைக்காவது பெற்று, 30 மில்லியம்பியரில் விழும் ட்ரிப் சுவிச்சு வழியாக மின் எடுத்து வேலை செய்க. அதற்கு வழியில்லாதபோது தூசியை உறிஞ்சும் மூடியைப் பொருத்துதல் வேண்டும். அதுவும் இல்லையேல் திறந்த வெளியில், காற்று நம் முதுகிலிருந்து வீசும்படி நின்று, குறைந்தது என்-95 தரத்து முகக்கவசம் அணிந்து வெட்டுதல் வேண்டும். 2020இல் கொரோனாக் காலத்தில் வீடுதோறும் அறிமுகமான அதே கவசந்தான். தாடியின்மேல் அது ஒட்டாது என்பதை மட்டும் இளைஞர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

வீட்டுப் பெண்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வேலையால் வந்தவரின் வெண்தூள் படிந்த சட்டையை உதறித் துவைப்பது நம் வழக்கம். உதறும்போது எழும் தூள் உதறுபவரின் மூச்சிலே ஏறும். பக்கத்தில் நிற்கும் குழந்தையின் மூச்சிலும் ஏறும். லயத்து அறைக்குள்ளே அந்தச் சட்டையைத் தொங்கவிடாமல், வாசலிலேயே வாளித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டுப் பிறகு துவைக்கலாம். வெட்டிய இடத்தைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். தண்ணீர் விட்டு வெட்டிய சேறும் அப்படியே. நாலு நாள் வெயிலிற் காய்ந்தால் அது மறுபடி மாவாகிக் காற்றில் எழும். ஆகையால் ஈரத்தோடே அள்ளி, பழைய சீமெந்துப் பையிலிட்டுக் கட்டிவிடுங்கள்.

சுவரிலே துளையிடும் யந்திரத்தைப் பற்றிக் கேட்டெழுதிய அன்பருக்கு அடுத்த கிழமை விடை கூறுவேன்.